மடிக்காத தாள்

தலைகீழாக நிற்கிறாள் அந்தப் பெண்குழந்தை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்மாய்க் கரைமேல், ஒற்றையாய், அவள் உச்சந்தலையோடு உச்சந்தலை முட்ட எதிர்ப்பக்கத்தில் ஊரே நிமிர்ந்து நின்று கை தட்டுகிறது, மடிக்காத தாளில் எல்லாம் அப்படித்தான் கிடக்கும், பாதிப் பக்கங்கள் நேராக, பாதி தலைகீழாக, ஒன்பதுக்கு எதிரே பதினாறு, பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று, மூன்று மடிப்பு மடித்து ஓரம் வெட்டினால்தான் ஒன்றுக்குப் பின்னால் இரண்டு வரும், பத்தொன்பது வருஷமாக இந்த அச்சாபீசில் தாள் மடித்துத் தேய்ந்த என் கட்டைவிரலுக்கு அது தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

முப்பத்தைந்து வயதுக்குமேல் எழுத்துக் கற்றவள் நான், முதலில் தாள் மூலையில் இருக்கும் பக்க எண்கள், பிறகு தலைப்பின் கொட்டை எழுத்துகள், மற்றதெல்லாம் டீ நேரத்தில் பக்கத்து மேசை கிளாடிஸ் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, யாரும் உதவாமல் நானே வாசித்து முடித்த முதல் கதை இதுதான், படம் போட்ட பிள்ளைகள் கதை, நேற்று, மேசையில் கிடந்தபடியே வாசித்தேன், மறுபக்கம் புரட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, முதலில் ஊர் கை தட்டுகிறது, வாய் பேசாத அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறது, அதை ஒட்டிய பக்கத்தில் அதே தெரு கதவைச் சாத்துகிறது, ஒரு தாய் தன் மகனை இடுப்போடு இழுத்துக்கொள்கிறாள், பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறாள், முடிந்தது, இதை எழுதினவள் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், ஏனென்றால் என் மகள் செண்பகவல்லிக்கு அப்படித்தான் நடந்தது, பிறந்த அன்று சீனி வாங்க வந்த கூட்டம் வாசல் கொள்ளவில்லை, மூக்கைப் பார், முழியைப் பார் என்று மடிக்கு மடி மாறினாள், மூன்று வயதில் பேச்சு வராமல் கையை உதறிக்கொண்டு கத்தத் தொடங்கினபோது அதே மடிகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின, தண்ணீர்க் குழாயடியில் என் குடம் நின்றால் அடுத்த குடம் நாலடி தள்ளி நின்றது, திருப்பூர் போன அவள் அப்பன் போனவன்தான், பள்ளிக்கூடத்தில் மூன்றே நாள், பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள், நீங்களே வச்சுப் பாத்துக்கோங்கம்மா, மத்த புள்ளைக பயப்படுது, அன்றிலிருந்து என்னோடு அச்சாபீசுக்கு வருகிறாள், என் மேசைக்கு அடியில்தான் அவள் இடம்.

கிளாடிஸிடம் சொன்னேன், சிரித்தாள், யக்கா, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு, மடிச்சுல்ல படிக்கணும், மொதல்ல வெரட்டுவாக, பெறகுதான் கை தட்டுவாக, என்று மடித்தும் காட்டினாள், மடித்தால் கதை வேறாக இருந்தது, துரத்தப்பட்ட பிள்ளை கண்மாய்க் கரையில் நிற்கிறாள், யாருக்கும் கேட்காத சத்தம் அவளுக்குக் கேட்கிறது, கரை உடையப் போகிறது, ஓடிவந்து சைகை காட்டி ஊரைக் காப்பாற்றுகிறாள், அதன் பிறகு தோள், அதன் பிறகு கைதட்டல், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கண்மாய் உடையாதிருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, நான் மறுபக்கமும் புரட்டித் தேடிவிட்டேன்.

இன்று காலையில் ஃபோர்மேன் குருவையா வந்து நிற்கிறார், ஏத்தா, புஸ்தகம் எழுதின மேடம் வாராக, போட்டோ எடுப்பாக, அந்தப் புள்ளைய செத்த நேரம் கழிவுத்தாள் ரூம்ல வச்சிரு, கத்தித் தொலைக்கப் போகுது, என்கிறார், வேறு யார் வைத்தார்கள், நான்தான் வைத்தேன், மேசைக்கு அடியில் காகிதக் கீற்றுகளோடு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையால்தான் கதவுக் கொண்டியைப் போட்டேன், நேற்று கதவைச் சாத்தின தெருவை மனசுக்குள் திட்டின நானே.

மேடம் நல்ல பருத்திச் சேலையில் வந்தாள், ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள், வித்தியாசமான குழந்தைங்களை ஏத்துக்கணும்னு எல்லாக் குழந்தைங்களும் கத்துக்கப் போறாங்க, உங்க எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு, என்றாள், அந்த நேரம் பார்த்து வெட்டும் மிஷின் இரைய, உள்ளே செண்பகவல்லி அலறினாள், அந்த இரைச்சல் அவளுக்கு ஆகாது, மேடம் திரும்பினாள், என்ன சத்தம் அது, குருவையா பல்லைக் காட்டினார், பூனைங்க மேடம், எலிக்கு வளக்குறோம், யாரோ களுக்கென்று சிரித்தார்கள், என் கையிலிருந்த, மடிப்புத் தேய்க்கும் மூங்கில் பட்டை கீழே விழுந்தது, பூனை இல்லீங்க, எம் மக, என்று சொன்னது என் வாய்தானா, கொண்டியை எடுத்தேன், காதைப் பொத்தியபடி வந்தாள், எச்சில் வழிந்த மோவாயோடு, மேடம் ஒரு அடி பின்னால் போய், பிறகு நினைவு வந்தவளாய் ஒரு அடி முன்னால் வந்து குனிந்தாள், ஓ, நம்ம கதைப் பொண்ணு மாதிரியே, என்ன பண்ணுவா, வரைவாளா, பாடுவாளா, இவங்களுக்குள்ள கண்டிப்பா ஒரு திறமை இருக்கும், நாமதான் கண்டுபிடிக்கணும்.

ஒண்ணும் கிடையாதுங்க, என்றேன், சோறு திம்பா, காயிதம் கிழிப்பா, காதைப் பொத்துவா, அம்புட்டுத்தான், எந்தக் கண்மாயையும் இவ காப்பாத்த மாட்டா, கரை ஒடஞ்சா மொத ஆளா முங்கிச் சாகுறது இவதான், ஒண்ணுத்துக்கும் ஆகாட்டி இருக்கக் கூடாதுங்களா. போட்டோ எடுக்க யாரோ தூக்கிய போன் மெதுவாக இறங்கியது, மேடம் குருவையாவிடம் அட்டையின் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே வெளியேறினாள்.

கார் போனதும் குருவையா வந்தார், மானத்த வாங்கிட்டேல்ல, நாளைலருந்து புள்ளையோட இங்க வராத, என்றார், சரிங்க, அப்ப நானும் வரல, இன்னும் நாலாயிரம் தாள் கெடக்கு, காலைல லாரி, நீங்களே மடிச்சுக்கோங்க, என்றேன், அவர் குவியலைப் பார்த்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை, சரி சரி, இந்தக் கட்டு முடியிற மட்டும் இருக்கட்டும், என்றார், அவருக்கும் ஒரு கண்மாய் உடைய இருந்தது, அடைக்க என் கை வேண்டியிருந்தது, கட்டு முடிந்தால் கதவுதான், எனக்குத் தெரியும், நேற்றே வாசித்துவிட்டேன்.

அவளை மேசைக்கு அடியில் விடவில்லை, எனக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன், எல்லாரும் பார்க்கட்டும், அவள் முன்னால் ஒரு தாளை விரித்தேன், கிழிக்கட்டும் என்று, அவள் கிழிக்கவில்லை, காதிலிருந்து ஒரு கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள், யக்கா, அதையும் மடி, எண்ணிக்கை கொறையும், என்கிறாள் கிளாடிஸ், நான் எழுந்து சுற்றிப் போய் மகளின் பின்னால் நிற்கிறேன், இங்கிருந்து பார்த்தால் நேராக நிற்கிறாள் அந்தப் பெண்குழந்தை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கரைமேல், அவள் தலைக்கு மேலே ஊர் மொத்தமும் கால் மேலே தலை கீழே தொங்கிக்கொண்டு கை தட்டுகிறது, தட்டட்டும், இதை மட்டும் நான் மடிக்கப் போவதில்லை.