கம்பி காத்த கால்

பார்க்க வந்தவர்களை எல்லாம் அவள் புருஷன் முதலில் வண்டியிடம்தான் கூட்டிப் போனான்.

"என்ஜின் கார்டு எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க! இது மட்டும் இல்லேன்னா என் கால் கூழாயிருக்கும்."

வந்தவர்கள் பைக் என்ஜினுக்குக் காவலாக முன்னால் மாட்டியிருந்த அந்த இரும்புக் கம்பியைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். பிறகுதான் உள்ளே வந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அவளிடம், "உயிருக்கு ஒண்ணுமில்லையே, அதுவே பெருசு" என்பார்கள்.

வண்டி சாய்ந்தபோது கார்டு முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டது உண்மைதான். அவன் காலில் சிராய்ப்புகூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய கணுக்கால்தான் ஃபுட்ரெஸ்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கியது. அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடி முடி வெட்டுகிறவள் அவள். "நிதானமா வா" என்று சொல்லியனுப்பிய முதலாளியம்மா, அடுத்த வாரமே அவள் நின்ற இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி, புது மனைவியைப் புது வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். புருஷனுக்குக் கேட்க வேண்டுமா?

"கார்டு போடு மச்சான். அதுமேல கால் வைக்க ஹைவே பெக் ரெண்டு மாட்டிக்கோ. காலை நீட்டிக்கிட்டு ராஜா மாதிரி போகலாம்."

கட்டிலில் இருந்து அவள் குரல் கொடுத்தாள். "தம்பி, கார்டு போடு. பெக் வேண்டாம்."

"ஏன்க்கா?"

"அன்னிக்கு உங்க மாமா கால் பெக் மேலதான் இருந்துச்சு. ஊருக்குள்ள வந்தாச்சு, காலை எடுங்கன்னு சொன்னேன். ஓட்டறது நானா நீயான்னார். முன்னாடி வேன் நின்னப்போ, அங்கேருந்து காலை இறக்கி பிரேக்கைத் தேடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

இத்தனை நாள் யாரிடமும் வாய் திறக்காதவள்.

புருஷன் சிரித்தான். "வலி மாத்திரை போட்டா இப்படித்தான், ஏதாவது உளறிக்கிட்டே இருப்பா."

தம்பி அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"பெக் கறுப்புல மட்டும்தான் வருமா மாமா, இல்ல பளபளன்னும் கிடைக்குமா?"

ஆண்கள் இருவரும் வாசலுக்குப் போனார்கள். கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பி மனைவி இன்னும் அந்தக் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் தணிந்த குரலில், "பின்னால உட்கார்றவங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்கும்மா. அவ்வளவுதான்."

வெளியே ஹாரன் அடித்தது. அந்தப் பெண் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மறுபடியும் ஹாரன். "தோ வந்துட்டேன்" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.