வயிறு நிறைந்த குட்டிகள்

ஆட்டுப்பட்டி வைத்திருந்த அந்த வீட்டுக்காரிக்குத் தெருவில் தாராளம் என்றே பெயர். ஒரு கரண்டி கேட்டால் இரண்டு கரண்டி தள்ளுகிற கை. அந்தக் கைதான் அறுவடை முடிந்த அன்று, மூன்று கொழுத்த குட்டிகளுக்குத் தொட்டி வழியச் சோளத்தைக் கொட்டியது.

மறுநாள் காலையில் ஒரு குட்டி விருட்டென்று துள்ளியது. தின்ற திமிரைப் பார் என்று சிரித்தபடி மகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். குட்டி இன்னொரு முறை துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துக் காலை உதைத்தது. அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் மற்ற இரண்டும் போய்விட்டன.

துள்ளுமாரி என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தவன் எவனோ, கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கால்நடை டாக்டர் ஒரு குட்டியை அறுத்து, ரத்தமாய்ச் சிவந்திருந்த குடலைக் காட்டினார். யார் வைத்த விஷம் என்று கேட்டாள் தாராளம். பழியை யார் தலையிலாவது கட்டிவிட அவளுக்கு அப்படியொரு அவசரம்.

“யாரும் வைக்கலம்மா. அந்தக் கிருமி எல்லா ஆட்டுக் குடல்லயும் சும்மா கிடக்கும். திடீர்னு தானியம் நிறைய விழுந்தா பெருகி, உள்ளேயே விஷத்தைக் கக்கும்.”

மகளும் பக்கத்தில்தான் நின்றாள். போ என்று விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு தாராளத்துக்குப் பட்டியில் துள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆடுகள் அசைபோட்டபடி அவளையே பார்க்கும். ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று அவள் கையை எதிர்பார்த்து விழித்திருப்பதுபோல் இருக்கும். பயந்துபோய்த் தீவனத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். வீட்டுத் தட்டுகளும் பாதிக்கு மேல் நிறையவில்லை. கிருமி குட்டியைக் கொன்றது, இவளைக் கருமியாக்கிவிட்டது என்று புருஷன் கேலி செய்தான். பிறகு கேலியையும் விட்டுவிட்டான். மகள் மட்டும் இன்னும் வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

மிச்ச ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு முடிந்ததும், இனிப் பயமில்லை, தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்றார் டாக்டர். தாராளத்துக்கு உயிர் வந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு வைக்கும்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். குச்சியாக இருந்தது. கரண்டி நிறைய அள்ளினாள்.

மகள் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டாள்.

“வேணாம்மா. எனக்குள்ளயும் அது இருக்கும்ல?”