பள்ளத்தில் நின்ற கார்

மாரியப்பன் போன் செய்தபோது ஐயாக்கண்ணு பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கார் ஸ்டார்ட் ஆவல. பேட்டரி எறங்கிருச்சு. உம்பட பைக்க எடுத்துக்கிட்டு வா."

வழியில், வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் அருக்காணி கை காட்டினாள்.

"நாளைக்குக் காரு வருமா? மகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோணும். மாசமா இருக்கறவள பஸ்ஸுல எப்படி ஏத்தறது?"

"வருமுங்க."

நாகலூரில் மாரியப்பனின் டீக்கடைக்குப் பின்னால், பள்ளத்தில் கார் நின்றது. மலையில் யாரும் காரைப் பள்ளத்தில் நிறுத்துவதில்லை. மேட்டில் நின்றால், பேட்டரி இறங்கினாலும் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஐயாக்கண்ணு மேட்டில்தான் விட்டுப் போயிருந்தான். மனைவி ராணியின் ஆபரேஷனுக்காக அவன் சேலத்தில் இருந்தபோது யாரோ கீழே இறக்கியிருந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் கார் தெரியவில்லை.

"யாருங்ணா இங்க எறக்குனது?"

"நாந்தான். மழையில நனையுதேன்னு."

கார் இருவருக்கும் பொது. ஐயாக்கண்ணு தன் பங்குக்குச் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுப் பணம் கொடுத்தான். மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் அதோடு போயின. சேலம் விலாசம் இருந்தால் வேலை சுலபமாக முடியும், அது மாரியப்பனிடம் இருக்கிறது என்று ஆர்.சி. புத்தகம் மாரியப்பன் பெயரில் ஆனது. வாடகைக்கு ஓட்டுவது ஐயாக்கண்ணு. அவனுக்கு வேறு வேலை இல்லை.

காருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நின்றிருந்தான்.

"சேலத்து மெக்கானிக்கு," என்றான் மாரியப்பன். "பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோறாரு. ஒரு வாரத்துல வந்துரும்."

ஐயாக்கண்ணு பைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றினான். ஒரு வயரால் இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸையும் இணைத்தான். பைக் பேட்டரியின் மைனஸிலிருந்து இன்னொரு வயரை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடித்தான். வெள்ளைச் சட்டைக்காரன் தள்ளி நின்று பார்த்தான்.

"ஏனுங்க மெக்கானிக்கு, கையில கிரீசே படாம சம்பளம் வாங்கிருவீங்களாட்ட இருக்குது?"

அவன் சிரித்தான். மாரியப்பன் சிரிக்கவில்லை.

மாரியப்பனின் மனைவி அமுதா காபி கொண்டுவந்தாள். ராணி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இப்ப திருப்புங்ணா."

மாரியப்பன் சாவியைத் திருப்பினான். கார் முனகி நின்றது.

"அவசரப்படாதீங்க. இது சின்ன பேட்டரி. கொஞ்சம் ஏறட்டும்."

காபியைக் குடித்து முடித்தான். அடுத்த முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது. வயர்களை எடுத்துவிட்டுப் பேனட்டை மூடினான். வண்டிச் சத்தம் நன்றாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

வெள்ளைச் சட்டைக்காரன் குத்துக்காலிட்டு முன்டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். சுற்றி வந்து அடுத்த டயருக்கும் வைத்தான். கார் வந்த அன்று, சேர்வராயன் கோயில் வாசலில், இதே டயர்களுக்கு ஐயாக்கண்ணு வைத்தான். வண்டியை வாங்கியவன்தான் வைப்பான்.

"பெயிண்ட் அடிக்கறதுக்குமாங்க எலுமிச்சம்பழம்?"

அவன் எழுந்து மாரியப்பனைப் பார்த்தான்.

"அண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

மாரியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தே."

"காலைல போன் பண்ணுனீங்களே."

"அது வண்டிக்கு."

"எனக்குத் தெரியுமுங்க, எதுக்குன்னு."

"ஊட்டுக்குள்ள வா கண்ணு, உக்காந்து பேசிக்கலாம்."

இதுவரை மாரியப்பன் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

ஐயாக்கண்ணு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. தன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பைக்கில் மாட்டினான். வெள்ளைச் சட்டைக்காரன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணா, ஒரே ஒருக்காங்ணா. மேல ரோட்டுக்கு மட்டும் ஏத்திருங்க."

ஐயாக்கண்ணு பைக்கை உதைத்துக் கிளப்பினான். மதியத்துக்குள் ஏற்காட்டிலிருந்து வேறு பேட்டரி வந்துவிடும். அது அவனுக்குத் தெரியும்.

வாழவந்தியில் அருக்காணி இன்னும் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பைக்கை நிறுத்தினான்.

"நாளைக்கு வேற வண்டி பாத்துக்கோங்க."

"ஏனுங்க, ஸ்டார்ட் ஆவலயா?"

"ஆச்சுங்க," என்றான்.