கேட்டது இங்கே இல்லை

மாமல்லபுரம் கடற்கரை விடுதியின் இணையதளத்தை ஜெரோம் மாற்றியமைத்ததிலிருந்து, எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் முகப்புதான் வந்தது.

“இன்னா ஜெரோமு, ரூம் வாடகைய கேட்டா வாசலையே காட்டிகினு கீது?” விடுதிக்காரர் முத்துசாமி போனில் கத்தினார்.

“தோ பாக்கறேன் அண்ணாத்த.”

தப்பு அவனுடையதுதான். வருகிற எல்லோரையும், பக்கங்களை எடுத்துத்தரும் ஒரே ஸ்கிரிப்டுக்குத் திருப்பிவிட சர்வரில் விதி எழுதிய மடையன், அவர்கள் கேட்ட முகவரி எது என்று அதனிடம் சொல்ல மறந்திருந்தான். பாவம், அது என்ன செய்யும்? தெரிந்த ஒன்றையே காட்டியது. முகவரியையும் சேர்த்து அனுப்பும்படி விதியைத் திருத்தினான். வாடகைப் பக்கம் ஒழுங்காக வந்தது.

இனி, இல்லாத பக்கம் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பெயரை அடித்தால் போதும். கருங்குழி ஊரிலிருந்த அவன் வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ‘ஷாரோன்’ என்று அடித்தான். மனைவி அவனைப் பிரிந்து கல்பாக்கம் போன அன்று, அந்தப் பெயரில் இதே தளத்தில் இருந்த, அவள் வரைந்த கடல் படங்களின் பக்கத்தை அவனேதான் அழித்தான்.

அவன் எழுதிவைத்த வாசகம் திரையில் வந்தது: “நீங்கள் கேட்டது: ஷாரோன். அப்படி ஒன்று இங்கே இல்லை.”

விதி சரியாக வேலை செய்தது. இருந்தும் இன்னொரு முறை கேட்டான்.