நாற்பத்தியோராவது ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தப்பான எண்ணிக்கையிலிருந்து கிடைத்தது. போன வருடம் காஞ்சிபுரத்திலிருந்து மதுரைக்குப் போன பெண்கள் சுற்றுலாவில் நானும் ஒருத்தி. திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு எல்லோரும் ஏறியாயிற்று, வண்டி கிளம்பவில்லை. எங்களைக் கூட்டிப்போகும் சம்பூர்ணம் மூன்று முறை தலைகளை எண்ணிவிட்டு, "ஒரு ஆளு கொறையுது" என்றாள்.

"நாப்பது சீட்டு, நாப்பது பேரும் குந்திக்கினு இருக்காங்கம்மா," என்றார் ஓட்டுநர் பரசுராமன். "நீங்கதான் நாப்பத்தியொண்ணு தேடறீங்க. எல்லா ட்ரிப்புலயும் இதே ரோதனையா பூடுச்சு."

சம்பூர்ணம் என் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்காமலே சொன்னாள்: "காந்தா. அவளயும் சேத்து எண்ணிடறேன்."

2

தொடக்கம் ஒன்று: 'சம்பூர்ணத்துக்கு முப்பது வயதானபோது அவள் கணவன் தேவசகாயம் ஒருநாள் வீட்டை விட்டு—'

(வேண்டாம். ஓடிப்போனவனுக்கு முதல் வரியைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.)

தொடக்கம் இரண்டு: முப்பத்திரண்டு வருடமாகப் பெண்களை ஊர் ஊராகக் கூட்டிப்போவதுதான் சம்பூர்ணத்தின் பிழைப்பு. முதல் பயணத்தின்போது மகள் சுகாசினிக்கு இரண்டு வயது. "நீ போய்ட்டு வா, கொழந்தய நான் பாத்துக்கறேன். அடுத்த வாட்டி நாம ரெண்டு பேரும் போவலாம்" என்றாள் பக்கத்து வீட்டுக் காந்தா. பைகள் மாறிப்போகக் கூடாதே என்று, தறியில் மிஞ்சிய பட்டுநூலை எல்லாப் பைகளிலும் ஒரே நிறத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அன்றிலிருந்து பயணத்துக்கு ஒரு நிறம்.*

* காசிக்கு அரக்கு, ராமேஸ்வரத்துக்கு மாம்பழ மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஒரு முழத்தைக் காந்தா தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள். இதைக் கதையில் எங்கே வைப்பதென்று தெரியாமல் அடியில் வைத்திருக்கிறேன்.

3

இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா? நேரில் போய்ப் பார்த்தேன். காந்தா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சுகாசினியின் நான்கு வயது மகள் ஜோதிகா. ஆமாம், அந்தக் குழந்தையையும் இப்போது காந்தாதான் பார்த்துக்கொள்கிறாள். சுகாசினிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டு வேலை.

"நான் சிரிச்சிக்கினே அனுப்பினேன்னு மட்டும் எழுதாதம்மா," என்றாள் காந்தா. "பஸ்ஸு கெளம்பினா ரெண்டு நாளு யாரோடயும் பேச மாட்டேன். சீட்டு இருக்குது வாடி, சீட்டு இருக்குது வாடின்னு கூப்புடுவா சம்பூர்ணம். கொழந்தய யாருகிட்ட உடறதுன்னு ஒரு வாட்டி சொல்லியிருக்காளா? சுகாசினி வளந்தப்புறமும் அந்த ரோஷத்துல நான் போவல, அதுக்குள்ள இவ வந்துட்டா."

இதை அப்படியே சம்பூர்ணத்திடம் போய்ச் சொன்னேன். (எழுதுகிறவள் செய்யக் கூடாத வேலை.) அவள் அழுதுவிட்டாள். ஊரெல்லாம் சுற்றியவளுக்கு, எந்த ஊரைப் பார்த்தாலும் பக்கத்தில் திரும்பி 'பாருடி' என்று சொல்ல ஆள் இல்லாத ஏக்கம். அந்த ஏக்கத்துக்குத் தானே காரணம் என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த வியாழக்கிழமை நாகூர், வேளாங்கண்ணி. அதோடு வேலையை விடுகிறாள். "இந்த ட்ரிப்புக்கு அவ போவட்டும். நான் கொழந்தய பாத்துக்கறேன்" என்றாள்.

காந்தா ஒரே போடாகப் போட்டாள்: "அவ இல்லாம நான் எதுக்குப் போவணும்? ஊரு பாக்கவா ஆசப்பட்டேன்? அவ பக்கத்துல குந்திக்கினு போவணும்னு ஆசப்பட்டேன்."

4

முடிவு ஒன்று: சுகாசினி விடுப்பு எடுக்கிறாள். (கேட்டாள். கிடைக்கவில்லை.)

முடிவு இரண்டு: குழந்தையையும் கூட்டிக்கொண்டு இருவரும் போகிறார்கள். (ஜோதிகாவுக்குப் பக்கத்திலிருக்கும் மாகறலைத் தாண்டினாலே வாந்தி.)

முடிவு மூன்று: வழக்கம்போல் சம்பூர்ணம் மட்டும் ஏறுகிறாள், காந்தா தெருமுனையில் நின்று—

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

5

வியாழக்கிழமை. முடிவை நேரில் பார்த்து எழுதலாம் என்று அந்தப் பேருந்தில் எனக்கும் ஓர் இருக்கை பதிவு செய்திருந்தேன். வழியெல்லாம் கேள்வி கேட்கலாமே என்று சம்பூர்ணத்தின் பக்கத்து இருக்கையாகவே கேட்டு வாங்கியிருந்தேன். வண்டி ஆறரைக்கு. ஆறு மணிக்குக் காந்தாவின் வீட்டுக்குப் போய் என் பையை இறக்கிவைத்தேன். ஜோதிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"என் சீட்டுல நீங்க போங்க. இவள நான் பாத்துக்கறேன்."

"கதைக்கு முடிவு பாக்கணும்னு சொன்னியேம்மா?"

"வண்டி போயிடப் போவுது, கெளம்புங்க."

காந்தா என் பையிலிருந்த கிளிப்பச்சை நூலை அவிழ்த்தாள். இரண்டு புடவையை ஒரு பையில் திணித்து அதில் அந்த நூலை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. காந்தா வழியெல்லாம் சண்டை போடுகிறாளா, சம்பூர்ணத்தின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாளா, தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது அந்தப் பேருந்தில் இருந்தால் நீங்களே சொல்லி முடியுங்கள். திண்டிவனத்தில் சம்பூர்ணம் எழுந்து தலைகளை எண்ணுவாள். அப்போதும் ஒரு ஆள் குறைகிறது என்று அவள் நின்றால், அது நான்தான் என்று சொல்லி வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.