பூசணிக்குத் தைத்த சட்டை

தையல்காரருக்கு அந்தத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: போலீஸ். வாழ்நாளில் ஒரு நாளும் காக்கி போட்டவர் இல்லை, போடுகிறவர்களுக்குத் தைத்துக் கொடுத்ததோடு சரி. ஆனால் பால் ஊற்றினால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார். துணியைக் கொண்டுவந்து கொடுப்பவன் நீளம் சொன்னால் தலையாட்டிக்கொண்டே டேப்பை எடுத்து மறுபடி அளப்பார். வாசலில் யாராவது சிரித்துவிட்டுப் போனால், எதற்குச் சிரித்தான் என்று சாயங்காலம் வரை யோசிப்பார்.

அப்படிப்பட்டவரின் வீட்டில்தான் இரண்டு வருஷமாகப் பூசணிக்கொடி செத்துக்கொண்டிருந்தது.

வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. முன்பக்கத்து அறைகள் தம்பிக்கு, பின்பக்கத்து அறைகள் தையல்காரருக்கு. கொல்லையில் கிடந்த மண்தரையைத்தான் யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. தையல்காரர் அதில் பூசணி போட்டார். தம்பி ரொட்டி வேன் ஓட்டுகிறவன். பக்கத்துச் சந்து வழியாக அந்த இடத்துக்கு வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம், சிமென்ட் மட்டும் போட்டால் போதும் என்பது அவன் கணக்கு. தெருவில் நிறுத்தி நிறுத்தி வேனின் கண்ணாடி உடைந்தது, கதவெல்லாம் ஆணிக் கீறல்.

முதல் வருஷம் கொடி காய்க்கிற நேரத்தில் படுத்தது. காலையில் கும்மென்று நின்ற கொடி, மதியத்தில் பிழிந்து போட்ட சட்டைபோலத் தரையில் கிடந்தது. இரண்டாம் வருஷமும் அதே கதை. தையல்காரர் வேரடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"டீசல் வாடை அடிக்குது" என்றார்.

"உங்க மூக்குல மிஷின் எண்ணெய் வாடை அடிக்குது" என்றாள் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. டீசல் வைத்திருப்பவன் யார்? இடம் கேட்பவன் யார்? தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். தம்பி அதற்கப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டான். மூன்றாம் வருஷம் விதை போடும்போதுதான் கொல்லைக்கு வந்து, இரண்டு வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு நேராகவே கேட்டான்.

"அண்ணே, இதுக்கு ஒரு முடிவு கட்டு. இந்த வருஷம் ஒரே ஒரு காய், முத்தின காய், நீ பறிச்சுக் காட்டு. இந்த மண்ணு உனக்கே. நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா சிமென்ட் போடுறேன், நீ வாயத் தொறக்கக் கூடாது."

"நீ கிட்ட வராம இருந்தா ஒண்ணு என்ன, வண்டி நிறைய பறிச்சுக் காட்டுறேன்."

"நான் ஏன் வர்றேன்? ஒரு வேலி போட்டுக்கோ. பூட்டுப் போட்டு சாவிய இடுப்புல சொருகிக்கோ."

அவன் கேலியாகச் சொன்னது. தையல்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்த பழைய கொசுவலைகளையெல்லாம் இழுத்துப் போட்டு மிஷினில் உட்கார்ந்தார். இரட்டைத் தையல். மூலைகளில் மடிப்பு வைத்து மூன்றாம் தையல். கொடி ஓட நீளமும் இலை எழும்ப உயரமும் விட்டு, உள்ளே மூங்கில் குச்சிகளை வளைத்து நட்டு, விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் வலையைக் கவிழ்த்தார். விளிம்பு முழுவதும் மண்ணை அணைத்துச் செங்கல் அடுக்கினார். எறும்பு நுழைய வழியில்லை.

"பூசணிக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்காரு பாரு" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து சிரித்தார்கள்.

"பட்டன் எங்கங்க?" என்றாள் மனைவி.

"எதுக்குப் பட்டன்?"

"பூ வந்தா தேனீ போக வேண்டாமா?"

"தேனீக்குத் தொறந்தா அது பின்னாலயே வண்டு வரும். அது பின்னாலயே உன் கொழுந்தன் வருவான். பூக்கும்போது பாத்துக்கலாம்."

வலை வேலை செய்தது போலத்தான் இருந்தது. சிவப்பு வண்டுகள் வலைக்கு வெளியே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும், உள்ளே போக முடியாது. தையல்காரர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவற்றைப் பார்த்துச் சிரிப்பார். அடுப்புச் சாம்பலை வலை ஓரத்தில் தூவுவார். இலையின் அடியில் அசுவினிப் பூச்சி தெரிந்த அன்று மட்டும் ஒரு செங்கல்லை நகர்த்திக் கையை விட்டு, சோப்புத் தண்ணீர் அடித்து, செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்து மிதித்தார். தண்ணீர் வலைக்கு மேலேயே ஊற்றினார். கொடி அவரை ஏமாற்றவில்லை, திமுதிமுவென்று வளர்ந்தது. ஒரு நாள் உள்ளே ஆரஞ்சு வயிறும் கறுப்பு இறக்கையுமாக ஒரு பூச்சி தண்டின் அடியில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். குளவி என்று நினைத்தார். குளவி புழுவைத் தின்னும், இருக்கட்டும், உள்ளே ஒரு காவல் என்று விட்டுவிட்டார். ஊரில் யாரையும் நம்பாத மனுஷன் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

பூ மொட்டு விடத் தொடங்கிய வாரத்தில், ஒரு மதியம், இலைகள் தொங்கின.

 தையல்காரர் வலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு செங்கல் அசையவில்லை, ஒரு தையல் பிரியவில்லை. ஆனாலும் கால் தானாக முன்பக்கத்துக்கு நடந்தது.

தம்பி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அண்ணன் வாசலில் நிற்கும் கோலத்தைப் பார்த்ததுமே கையை உதறினான்.

"என்ன, வாடிடுச்சா? நாந்தான். வலைக்குள்ள காத்தாப் பூந்து போயி டீசல் ஊத்திட்டு வந்தேன். திருப்தியா?"

  அந்த வலையைத் தைத்தது தையல்காரரின் கை. அதை நம்பவில்லை என்றால் அவர் தையலையே நம்பவில்லை என்று ஆகிவிடும். திரும்பி நடந்தார்.

கொல்லையில் மனைவி செங்கல்லை நகர்த்தி, வலையைத் தூக்கிக் குனிந்திருந்தாள்.

"இங்க வாங்க. தண்டு அடியில என்னமோ கொட்டிக் கிடக்கு. மரத்தூள் மாதிரி."

ஈரமான மஞ்சள் தூள். அதற்கு மேலே தண்டில் ஒரு ஓட்டை, தடித்த ஊசி போகும் அளவு. தையல்காரர் அந்தத் தூளை ஒரு துண்டுத் துணியில் முடிந்துகொண்டு விதைக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரனை அவருக்கு ஆகவே ஆகாது. எதைக் கேட்டாலும் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவான், விற்கிறவன் அப்படித்தான் செய்வான் என்பது அவர் முடிவு.

கடைக்காரன் துணியைப் பிரித்துப் பார்த்தான். "தண்டுப்புழு" என்றான்.

"எந்த மருந்து தருவே? சொல்லு, கேட்டுட்டுப் போறேன்."

"மருந்து வேண்டாம்."

"ஏன், இருப்பு இல்லையா?"

"இருக்கு. வாங்கி அடிச்சாலும் உள்ள பூந்த புழுவுக்கு எட்டாது. நீங்கதான் தையல் வேலை செய்றவராச்சே, பிளேடு இருக்குமில்ல? தண்ட நீளவாக்குல கீறுங்க. புழுவ எடுங்க. கீறின எடத்த ஈரமண்ணு போட்டு மூடுங்க. கொடி ஓடுற வழியில கணுவுக்குக் கணு மண்ணு அணைச்சு விடுங்க, அங்கங்க வேர் பிடிக்கும். அடிவேர் போனாலும் அத வச்சு உயிர் தப்பும்."

தையல்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். விற்க மாட்டேன் என்கிறான். பாட்டிலைத் தொடக்கூட இல்லை. அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்.

"நான் வலை போட்டிருக்கேனே. எப்படி வந்துச்சு?"

"போன வருஷமும் அதே எடத்துலதான் போட்டீங்களா? ஆரஞ்சு வயிறா, குளவி மாதிரி ஒரு அந்துப்பூச்சி பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் தையல்காரர். 

"அதான் முட்டை வச்சது. போன வருஷப் புழு மண்ணுக்குள்ள கூடு கட்டித் தூங்கியிருக்கும். நீங்க அது மேலயே வலையப் போட்டு, உள்ள வச்சுத் தைச்சுட்டீங்க." கடைக்காரன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "வீட்டுக்குள்ள திருடன வச்சே பூட்டின கணக்கா ஆச்சு!"

வேறு நாளாக இருந்தால் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் வலையைத் தூக்கி எறிந்தார். அந்த ஆரஞ்சுப் பூச்சி இன்னும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஒரே அடி. பிறகு புது பிளேடு, நீள ஊசி, வாளியில் ஈரமண். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

கீற வேண்டுமென்றால் ஒருவர் தண்டை அசையாமல் பிடிக்க வேண்டும். மனைவி பிடித்தாள், முள் மயிர் குத்தி விட்டுவிட்டாள். மறுபடி பிடித்தாள். அப்போது பின்னால் செருப்புச் சத்தம்.

"நகருங்க அண்ணி, நான் பிடிக்கிறேன்."

தையல்காரர் நிமிர்ந்தார். தம்பி பிளேடை ஒரு பார்வை பார்த்தான். அண்ணனை ஒரு பார்வை பார்த்தான்.

"நீ எதுக்கு? இது செத்தா உனக்குத்தானே லாபம்."

"லாபம் கெடக்கட்டும். ரெண்டு வருஷமா எவன் செஞ்ச வேலைக்கு நான் திட்டு வாங்கினேன்னு எனக்குத் தெரியணும். அவன் மூஞ்சிய நான் பாக்கணும். கீறு."

ரொட்டித் தட்டு பிடித்துக் காய்த்த கை. தண்டு அசையவில்லை. தையல்காரர் ஓட்டைக்கு மேலே பிளேடை வைத்து, துணியில் நூல் ஓடும் வாக்கில் வெட்டுவதுபோல, மெல்ல நீளமாகக் கீறினார். நீர் கசிந்தது. தம்பி இரண்டு கட்டைவிரலாலும் கீறலை விரித்தான். உள்ளே, தண்டின் சதையைத் தின்று கொழுத்து, தவிட்டு நிறத் தலையோடு வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. தையல்காரர் ஊசியால் குத்தி எடுத்தார்.

"இவனா?" என்றான் தம்பி.

"இவன்தான்."

"நம்ம வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு எப்படி இருக்கான் பாரு. இன்னும் பாரு, ஒண்டியா வந்திருக்க மாட்டான்."

மேலே இன்னொன்று இருந்தது. அதற்கும் மேலே, கிளை பிரியும் இடத்தில், ஒரு சின்னது. ஒவ்வொன்றாகத் தையல்காரர் எடுத்தார். அவசரப்படவில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது எப்படி மூச்சைப் பிடிப்பாரோ அப்படியே பிடித்தார். முடிந்ததும் கீறலைச் சேர்த்து, துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டி, ஈரமண் அணைத்தார். கணுக்களையெல்லாம் மண்ணில் அழுத்தி மேலே ஒரு பிடி மண் போட்டார்.

தம்பி புழுக்களை ஒரு பாட்டில் மூடியில் வாங்கிக்கொண்டான். அதை அவன் தூக்கி எறியவில்லை. சந்து வழியாகத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டான்.

"எல்லாரும் வந்து பாருங்க! எங்கண்ணன் சொன்ன டீசல் ஊத்துனவன் இவன்தான்! பிடிச்சாச்சு!"

மாடியில் சிரிப்பு வெடித்தது. தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாளியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. இன்னும் இரண்டு கணு பாக்கியிருந்தது.

திரும்பி வந்த தம்பி வாசற்படியிலேயே நின்றான். "பேச்சு பேச்சுதான் அண்ணே. காய் இல்லன்னா சிமென்ட்."

"எனக்கு மறக்கல."

அடுத்த நாள் கொடி கிடந்தது. அதற்கடுத்த நாளும் கிடந்தது. பெரிய இலைகள் பழுத்து உதிர்ந்தன. பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று மனைவிகூடக் கேட்டாள். அவர் தண்ணீர் மொண்டு ஊற்றினார். வெயில் நேரத்தில் பழைய போர்வையைக் கட்டி நிழல் கொடுத்தார். தைக்க வந்த துணிகள் மூட்டையாகக் கிடந்தன, கேட்டு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார். ஒரு காலையில் நுனி மட்டும் நிமிர்ந்து நின்றது. அருகில் போய்க் கணுவில் மண்ணை விரலால் விலக்கினார். வெள்ளை நூல்போல வேர்.

அன்று வலையை மறுபடி மிஷினில் ஏற்றினார். ஒரு பக்கம் முழுவதையும் பிரித்து, நாடா வைத்து, வரிசையாகக் கொக்கி தைத்தார். காலையில் பூ விரிந்ததும் திறப்பார், வெயில் ஏறிப் பூ மூடியதும் பூட்டுவார். தேனீ வந்தது. வந்தாலும் அதை முழுதாக நம்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பிஞ்சோடு வரும் பெண் பூவுக்குள் தானே தடவிவிட்டார்.

"இதயும் நீங்களே செய்யணுமா?" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் காது சிவந்தது, கை நிற்கவில்லை.

முதல் பிஞ்சு வெம்பி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது நின்றது. அடியில் மண் படாமல் ஓட்டுத் துண்டை வைத்தார். தினமும் காலையில் தண்டடியில் தூள் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். புது முட்டை கண்ணில் பட்டால் நகத்தால் வழித்து நசுக்குவார். காய் குடத்தளவுக்கு வந்தது. பச்சை போய் மஞ்சள் ஏறியது. காம்பு காய்ந்து நார் விட்டது.

தம்பியைக் கூப்பிட்டார்.

அவன் குந்தி உட்கார்ந்தான். காயைச் சுற்றிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். பிறகு கட்டைவிரல் நகத்தைத் தோலில் வைத்து அழுத்தினான். நன்றாகவே அழுத்தினான், முகம் சிவந்தது.  நகம் வழுக்கிக்கொண்டு போனது. தோலில் ஒரு கோடு இல்லை.

"முத்திடுச்சு" என்றான் தம்பி. நகத்தைப் பார்த்துக்கொண்டான். "ச்சே. மணலுக்குக்கூடச் சொல்லி வச்சிருந்தேன்."

பேச்சுப்படி அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்து வழியாக வேனைப் பார்க்க நடந்தான். நேற்றுத்தான் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

தையல்காரர் காயைப் பறிக்கவில்லை. உள்ளே போய்க் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். வேனின் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை நீளம் பிடித்தார். உயரம் பிடித்தார். கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தனியாக அளந்தார்.

"என்ன பண்றே?"

"தார்ப்பாய்த் துணி தடியா கெடக்குது உள்ள. உறை தைச்சுப் போட்டா எவனும் கீற முடியாது. அசையாம நில்லு, இந்த முனையப் பிடி."

தம்பி டேப்பின் முனையைப் பிடித்தான். 

"அண்ணே."

"என்ன?"

"கொக்கி வச்சுத் தை. என்னையும் உள்ள வச்சுத் தைச்சுடாதே."