நெஞ்சுயரம்

"மூடி உக்காராதும்மா," என்றார் சவப்பெட்டிக்காரர். அப்பாவின் தோளை அழுத்தினார், கால் தூக்கிக்கொண்டது. காலை அழுத்தினார், தலை எழும்பியது. "முதுகு படிய மாட்டேங்குது. அஞ்சடி ரெண்டுன்னு குறிச்சுக்கறேன்."

"அஞ்சடி ஏழு," என்றாள் மகள். அப்பா வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த, உயரம் குறித்த அடையாள அட்டையை நீட்டினாள்.

"அட்டையவா படுக்க வைக்கப் போறோம்?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா வாய் திறந்தாள். விடியற்காலை மூச்சு நின்றதிலிருந்து அவள் பேசுவது இப்போதுதான். "இருபது வருஷமா கொஞ்சங்கொஞ்சமா வளைஞ்சதுடி. மரத்தக் கட்டிப்புடிச்சு நெஞ்சுக்கு நேரா டேப்பு சுத்துவாரு. அந்த நெஞ்சு இப்ப எங்க இருக்குன்னு பாரு."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"கோல் வச்சு அளக்கலியா? நாலரை அடி உயரத்துலதானம்மா சுத்தணும். எல்லா வருஷமும் அதே எடத்துல."

"கோல் கேட்டாரு. மரத்துல கோடு போட பெயிண்ட் கேட்டாரு. 'உனக்குத்தான் நெஞ்சு இருக்கே, அது போதாதா'ன்னு ஆபீஸ்ல சிரிச்சாங்களாம். இவரும் சிரிச்சுட்டு வந்துட்டாரு."

காட்டில் வறண்ட சரிவு அப்பாவின் பொறுப்பு, ஓடைக்கரை வேறொருவருடையது. தண்ணீர் கிடைக்காத மரம் சத்தை முதலில் வேருக்குத்தான் அனுப்பும், அடிமரம் பருப்பதெல்லாம் அப்புறம் என்கிறது படிப்பு. அப்பாவின் நோட்டில் மட்டும், மழை பொய்த்த வருடங்களிலும் மரங்கள் பருத்துக்கொண்டே போயின. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அடுத்த வாரம் ஆய்வேட்டை ஒப்படைத்தால் டாக்டர் பட்டம். பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

மழை பொய்த்த வருடங்களில் எந்த மரமும் பருக்கவில்லை. அப்பாவின் முதுகு வளைய வளைய டேப்புதான் வருடா வருடம் இறங்கியிருக்கிறது, தூர் தடித்த இடத்தை நோக்கி. அந்த எண்களை இரண்டு வருடம் கரைத்துக் குடித்தவள், எழுதிய மனிதரை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூங்கொத்தோடு வனத்துறை அதிகாரி வந்தார். "உங்கப்பா கணக்குல ஒரு பிசகு இருக்காதும்மா. அளந்தது அவரு, டாக்டராகப் போறது நீ. குடுத்து வச்ச மனுஷன்."

"அந்தக் கணக்கு தப்பு சார். இருபது வருஷமும் தப்பு."

"இன்னிக்குப் போயி யாராவது இதப் பேசுவாங்களா?"

"ஒரு கோல் குடுத்திருக்கலாம் சார். வெறும் குச்சி."

அவர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தார். அம்மாவின் குரல் உடைந்தது. "செத்தவர எதுக்குடி பொய்யராக்கற? படிச்ச திமிரா?"

மகள் அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வச்சா அடங்கும்," என்றார் பெட்டிக்காரர்.

மகள் தோளைப் பிடித்தாள். பெட்டிக்காரர் இடுப்பைப் பிடித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். அம்மா கையூன்றி எழுந்து வந்து, சட்டைக்கு மேலாகவே, நடுமுதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

மூடியைத் தூக்கியபடி பெட்டிக்காரர் காத்திருந்தார்.